அறுபத்து நான்கு அடி

மார்ச் 4, செவ்வாய்

துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும் நேரத்துக்குச் சரியாக நாத்தனாரோடு ஆற்றில் பழம்பொருள் தேடப் போனேன். கிடைத்தவை: புகை பிடிக்கும் சுடுமண் குழாயின் உடைந்த தண்டு 2, பித்தளைப் பொத்தான் 1, ஈய முத்திரை 1. நாத்தனாருக்குக் கிடைத்தது யாருடையதோ பல்செட். "பழசுதானே அண்ணி, எழுதுங்க" என்று அடம்பிடித்தாள். எழுதவில்லை.

ஈய முத்திரை இதோடு மூன்று. மூன்றும் ஒரே இடம். பதிவு எண் 212: பாலத்தின் மூன்றாம் தூணிலிருந்து ஓட்டத்தோடு 64 அடி.

மார்ச் 7, வெள்ளி

அருங்காட்சியகத்தில் காட்டினேன். அதிகாரிப் பெண் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் துணிப்பொதிகளில் குத்திய முத்திரையாம். ஒரே இடத்தில் மூன்று என்றால் அங்கே படகுத்துறை இருந்திருக்கலாம், தோண்டிப் பார்க்கிறோம் என்றார். என் பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவளின் கையெழுத்து!

கடவுளே, தலைக்கனம் வராமல் பார்த்துக்கொள்.

மார்ச் 8, சனி

வந்துவிட்டது. நாலு வீட்டில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, சனி

இரண்டு நாள் தோண்டினார்களாம். வெறும் சேறு. ஓர் ஆணிகூட இல்லை.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய சாமான் கடையில வாங்கிட்டு, ஆத்துல கிடைச்சதுன்னு கொண்டுவர்றவங்க இருக்காங்க. நீங்க அப்படின்னு சொல்லல."

சொல்லவில்லைதான். ஆனால் இந்த மாதத்தோடு முடிகிற என் தேடும் அனுமதியைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எட்டு வருடம் தேடிய ஆறு.

நானா பொய் எழுதுவேன்? பரணில் எத்தனை பாத்திரம் என்றுகூட எழுதி வைத்திருக்கிறவள் நான்.

மார்ச் 16, ஞாயிறு

பிரார்த்தனையில் மனசு நிற்கவில்லை. "உன் அடியே துணை" என்றால் உள்ளே ஒரு குரல் "அறுபத்து நாலு" என்கிறது. மன்னித்துக்கொள், சாமி.

மார்ச் 22, சனி

ஒரு வாரமாக ஆற்றுப் பக்கம் போகவில்லை. இன்று நாத்தனார் வந்து நின்றாள். தலைவலி என்றேன். தலைவலிக்காரி எதற்கு ஒரே கூடத்தை மூன்றாம் தரம் பெருக்குகிறாள் என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். போனோம்.

அவர்கள் வெட்டிய குழியைத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கென்னவோ போல இருந்தது. அந்த இடம் இல்லையே. மூன்றாம் தூணில் முதுகைச் சாய்த்து எண்ணிக்கொண்டே நடந்தேன். முப்பத்தேழிலேயே குழிக்குள் விழப் பார்த்தேன். திரும்பிப் போய் மறுபடி எண்ணினேன். மறுபடியும் முப்பத்தேழு.

"அண்ணி, அவங்க நாடா போட்டு அளந்தாங்க. நீங்க எந்த அடி எழுதினீங்க?"

"எந்த அடின்னா? என் அடிதான். நடக்கிற அடி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. காலடியை அடி, அடி என்றே எழுதியிருக்கிறேன் — எட்டு வருடம், 212 பதிவு! அவர்கள் கணக்கும் சரி, என் கணக்கும் சரி.

நாத்தனார் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அறுபத்து நாலு வரைக்கும் நடந்து ஒரு குச்சியை நட்டோம். மண்ணைத் தொடவில்லை. தொட்டு ஏதாவது கிடைத்தால் அதுவும் கடையில் வாங்கியதாகிவிடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னக் கேட்டிருக்கலாம்ல? உன் அடியப் பத்தித் தெரிஞ்சவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்" என்றார். பேச்சைப் பார்.

மார்ச் 24, திங்கள்

அதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், அப்புறம் பொத்தவில்லை. கரைக்கே அழைத்துப் போய் என்னைப் பத்து அடி நடக்கவிட்டு அளந்தார்கள். பதினேழரை அடி! என் ஓர் அடிக்கு ஒன்றேமுக்கால் அடி. ஆக 112. குச்சி நின்ற இடமும் அதுவே.

மறுபடி தோண்டப் போகிறார்கள். இந்த முறையும் சேறுதான் என்றால்?

ஏப்ரல் 3, வியாழன்

சேறு இல்லை. வரிசையாக ஐந்து மரத்தூண், பதினொரு முத்திரை. சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாதாம், நானும்தான். "இடத்தக் காட்டிக் குடுத்துட்டு வெளிய நிக்கிறீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். நின்றேன். அழுகை வந்தது. நல்ல அழுகை.

ஏப்ரல் 12, சனி

அனுமதி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம். மீதி 209 பதிவுகளையும் நான் ஒவ்வொன்றாக நடந்து காட்ட வேண்டும், அலுவலகத்தார் இரண்டு பேர் பின்னால் நாடா பிடித்து வருவார்கள். இன்று பதினேழு முடித்தோம். கடிதத்தின் கடைசி வரி: "பணி நிறைவடையும் வரை தாங்கள் காலணியை மாற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இடது காலணியின் அடியில் விரல் நுழையும் ஓட்டை. அவர் வாசலில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். மெல்லிசாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அடி நீண்டுவிடக் கூடாது.