தாழ்ப்பாள் இல்லாத கதவு

செவ்வாய், கத்திரி நான்காம் நாள்

இன்றும் தலைவலி. காலையில் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு இடது கண்ணுக்கு மேலே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. டீயைக் குடித்து மாத்திரை போட்டேன். ஒரு வாரத்துக்குள் இது நாலாவது மாத்திரை. பீங்கான் கம்பெனியில் என்னோடு கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற மல்லிகா என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, வூட்ல ரொப்பிக்கினு வந்தது அப்படியே இருக்குது? தண்ணி குடிக்காம மாத்திரைய முழுங்குனா தலவலி எப்படிக்கா போவும்?"

"குடிச்சா கக்கூஸு போவணுமேடி. அந்தக் கதவுல தாப்பா இல்ல."

"நான் கதவப் புடிச்சிக்கிறேன், வாங்க்கா."

"உன் வேலயப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் பாட்டிலை வைத்துவிட்டு அடுத்த கப்பை எடுத்தாள்.

சாயங்காலம் மிச்சமிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளை ஈரத்துணி போட்டு மூடினேன். காய்ந்துவிட்டால் நாளைக்குக் கைப்பிடி ஒட்டாது. ஒன்றுகூடக் காயக் கூடாதென்று ஓரமெல்லாம் இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் பாட்டிலைத் திறந்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. முழுவதையும் குடித்தேன். வலி இன்னும் விடவில்லை.

மல்லிகா நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறாள். அவள் போகும்போது கதவை யார் பிடிக்கிறார்கள்? மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.