மாதா தாண்டிப் போன வீடு

சேசு மரி சூசை துணை

சாந்தா மோனிகா,
நவம்பர், ஞாயிறு பூசை முடிந்து

அன்பு மகள் மரிவிக்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி வீட்டாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் உனக்காக ஒரு மணி கூடவே உருட்டுகிறேன். உடம்புக்கு என்று எழுதினேன் பார், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு என்ன திடீரென்று பேனா பிடிக்கிற ஆசை என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காது வந்துவிடுகிறது. உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் க்ளோரிபெல் லீவு முடிந்து திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன், அவள் கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை அம்மா கட்டினாள், கடிதத்தை நான் அதற்குள் செருகினேன், வாசனை அடித்தால் மன்னித்துக்கொள்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தம்பி பெண்டாட்டிக்கு மாசம் ஐந்து, நடக்கிற நடையைப் பார்த்தால் பெண் பிள்ளை என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. புயலில் பறந்த சமையற்கட்டுத் தகரத்தை மாற்றிவிட்டோம், நீ அனுப்பியது அதற்குப் போதும், இனி அதற்கென்று அனுப்பாதே. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, படகு மோட்டாரைக் குனிந்து பிரித்தால் நிமிர ஆள் வேண்டும். கிட்னி வார்டில் உனக்கு நைட் டியூட்டி அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறாள், அவள் கவலைப்படாத நாள் எது, ஆனால் இப்போது அவள் கவலை வேறு பக்கம் போய்விட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பள்ளிக்கூடத்து மாதாவை நீ மறந்திருக்கமாட்டாய், மூக்கு நுனி லேசாக உடைந்த அதே சுரூபம்தான் இன்னும். இந்த அக்டோபரிலும் எப்போதும் போல நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வீடுகளுக்குக் கிளம்பினாள். பெஞ்சு வரிசைப்படி சாயங்காலத்துக்கு ஒரு வீடு, ஜெபமாலை, அப்புறம் வந்தவர்களுக்குச் சாப்பாடு. மாசம் முடிந்தால் மாதா கோயிலுக்குத் திரும்பிவிடுவாள், கடைசி பெஞ்சில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாலும், அடுத்த வருஷம் முதல் முறை. நம் வீட்டுக்கு வந்த அன்று நீ மாதாவுக்கு உன் பல்லைக் காணிக்கை வைத்தாயே, விழுந்த பல்லை, அதே வழக்கம். ஆனால் சாப்பாடுதான் இப்போது பெரும் பாடாகிவிட்டது. பிஸ்கட்டும் தண்ணீரும் போதும் என்று பங்குச்சாமி ஃபாதர் செல்ஸோ பூசைக்குப் பூசை சொல்கிறார், யார் கேட்கிறார்கள். போன வருஷம் ஒருத்தி மாதா வந்த அன்று முழுப் பன்றியே வறுத்தாள். மாதாவுக்கு வறுத்தியா சம்பந்திக்கு வறுத்தியா என்று நானே கேட்டேன், அம்மா என் காலை மிதித்தாள். இல்லாத வீட்டுக்காரர்கள் இந்த மாதம் வந்தாலே முகம் சுண்டிப்போகிறார்கள், கடன் வாங்கியாவது ஒரு சட்டி பான்சிட் நூடுல்ஸ் கிளறிவிடுகிறார்கள்.

இந்த வருஷம் நாலாம் வகுப்பு அம்மா கையில். அதில் ஜெனலின் என்று ஒரு பிள்ளை, ட்ரைசைக்கிள் ஓட்டும் எல்பிடியோவின் மகள். அவன் பெண்டாட்டி மரிலூ உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள், பாட்டுக் குழுவில் உனக்குப் பின்னால் நிற்பாள். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது மகளே. வாரத்துக்கு இரண்டு நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டுக்கொண்டு வருகிறாள், மழை பிடித்துப் பாலம் மூடினால் ஒரு நாளோடு சரி. அந்த வீட்டில் போய் முப்பது பேர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அம்மா யோசித்தாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ஜெனலினை இரண்டாம் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். அக்டோபர் முடிந்துவிடும், முறை வராது, வருஷம் திரும்பினால் மரிலூவுக்கும் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும், யாருக்கும் தலைகுனிவில்லை என்று கணக்குப் போட்டாள். உன் அம்மா மனசு உனக்குத் தெரியும், அடுத்தவர் கூச்சம் இவளுக்குத்தான் முதலில் உறைக்கும்.

பிள்ளையிடம் ஏன் என்று சொல்லவில்லை, என்னவென்று சொல்வது. பிள்ளை அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் மூச்சே விடவில்லை, சீக்காளி அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்லவா என்று அடக்கிக்கொண்டது. அங்கே மரிலூ பழைய இடத்தை வைத்து நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜெனலின் பக்கத்தில் உட்கார்ந்த பையன் அவர்களுக்கு அடுத்த வீடு, பெர்லாவின் மகன். ஜெனலின் எழுந்து போனதால் அவளுடைய நாள் அப்படியே அந்தப் பையனுக்குப் போய்விட்டது. ஆக மரிலூ எண்ணி வைத்த அதே சாயங்காலம், அவள் வாசல் இருக்கிற அதே சந்துக்குள் மாதா வந்தாள். என் கையில்தான் வந்தாள் மகளே. அம்மாவுக்கு இடுப்புவலி, அதனால் இந்த வருஷம் சுரூபத்தை நான்தான் தூக்கினேன்.

அந்த வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஜன்னலில் புது மெழுகுவத்தி. மரிலூ குளித்துத் தலை சீவி, அந்தப் பூப்போட்ட உடுப்பு இப்போது அவளுக்கு எவ்வளவு பெரிதாகத் தொங்குகிறது தெரியுமா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்பிடியோ செருப்பைக் கழற்றிவிட்டு மாதாவை வாங்கக் கையை நீட்டினான். எனக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த வீடு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள், நானும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அப்படியே நடந்துவிட்டேன். பின்னால் வந்த அம்மா பாட்டை நிறுத்திவிட்டாள், அது மட்டும் காதில் விழுந்தது. பெர்லா வீட்டில் பாய் விரித்து, தட்டு அடுக்கி, மைக் கூட வைத்திருந்தார்கள். ஜெபமாலை முழுக்க அம்மா குரல் வெளியே வரவில்லை. பெர்லா சும்மா இருக்காமல் அம்மாவிடம், என்ன மேம் சோலிங் தொண்டை கட்டிருச்சா, இஞ்சித் தண்ணி தரவா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

இஞ்சித் தண்ணீர் மரிலூ வீட்டிலும் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு பானை இஞ்சித் தண்ணீர், வேகவைத்த வாழைப்பழம், வேறொன்றும் இல்லை. அது போதும் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கூச்சமே இல்லை, கூச்சமெல்லாம் நம் தலையில்தான் இருந்தது. மறுநாள் காலையில் எல்பிடியோ அந்தப் பழத்தை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்குக் கொடுத்தானாம். என்னடா விசேஷம் என்று கேட்டதற்கு, விசேஷம் பக்கத்து வீட்டுல, எங்க வீட்டுல மிச்சம் என்றானாம்.

அன்றைக்கு வகுப்பில் ஜெனலின் அம்மாவிடம் வந்து, மேம் நான் என்ன தப்புப் பண்ணேன், பேசிட்டே இருந்ததுக்கா, இனிமே பேசமாட்டேன், எங்கம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க என்று சொல்லியிருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு மோட்டார் நின்றுபோனால் எங்கே கை வைப்பது என்று தெரியும், இதில் எங்கே கை வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாளே மாதாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். எல்பிடியோ வாசலிலேயே நின்றுகொண்டான். அண்ணே, முந்தாநேத்து மாதா எங்க வாசல் வழியா வந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா, இன்னிக்கு அரிசி மூட்ட மாதிரி கொண்டாந்து எறக்குறீங்க, இது என்ன டெலிவரியா என்று கேட்டான். அம்மா அழுதுகொண்டே உண்மையை அப்படியே சொன்னாள், உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதான்யா மாத்தினேன் என்றாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. எங்க வீட்டுக்கு வந்தா மாதா பட்டினி கெடப்பான்னு நெனச்சீங்களா மேம் என்றான். உள்ளேயிருந்து மரிலூ அவனை அதட்டினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள வந்து அம்மா கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்கு உங்க மேல கோவமே இல்ல மேம், நீங்க சொல்லிக் குடுத்ததுதான், மாதா முறை தவறமாட்டான்னு, எங்க முறை அடுத்த வருஷந்தானே, அப்ப வரட்டும், மெழுகுவத்தியச் சுத்தி எடுத்து வச்சுட்டேன், அதென்ன கெட்டுப்போற பொருளா என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அம்மா வாங்கிக்கொண்டு வந்து தூங்கியிருப்பாள்.

ஃபாதர் செல்ஸோவிடம் போனோம். அவர் அந்த வீட்டிலேயே ஒரு பூசை வைக்கிறேன் என்று நேரில் போய்ச் சொன்னார். பூசை வேணாங்கல சாமி, எங்களுதை எடுத்துக்கிட்டு வேறொண்ணக் குடுக்காதீங்க என்று எல்பிடியோ கும்பிட்டு அனுப்பிவிட்டான். அடுத்த அக்டோபர் முதல் வீடு அவர்களுக்குத்தான், நான் வாக்குக் கொடுக்கிறேன் என்றார் ஃபாதர், அவரால் வேறு என்ன கொடுக்க முடியும். மற்ற டீச்சர்கள் அம்மாவிடம், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க மேம், விடுங்க என்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள். மாதா ஏழை வீட்டுக்கு முதல்ல போவான்னு வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் சொன்னேன், அவ சரியாத்தான் போனா, நாந்தான் வழிய மாத்திட்டேன் என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள். இந்த மார்ச்சில் ரிட்டயர் ஆகிறேன் என்று உன்னிடம் சொன்னாளே, இப்போது ஆகமாட்டேன் என்கிறாள். அடுத்த அக்டோபரில் தன் கையாலேயே மாதாவைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டுமாம், இடுப்பு ஒடிந்தாலும் சரியாம்.

போன வாரம் ஜெனலினைப் பழைய இடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேணாம் மேம், ரெண்டாம் பெஞ்சு முறை முடிஞ்சுபோச்சு, நான் இங்கேயே இருக்கேன், மாறினா மறுபடியும் போயிடும் என்று எழுந்திருக்கவே இல்லையாம். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியவில்லை, எழுத்தைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறதாம். நான் சும்மா இருக்க முடியாமல் நேற்று எல்பிடியோவின் ட்ரைசைக்கிள் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன், அவனும் செய்யவிட்டான், காசு கொடுக்க வந்தான், நான் வாங்கவில்லை, உடனே முகம் மாறிவிட்டது, சரி கொடு என்று வாங்கிக்கொண்டேன். இவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது மகளே.

இப்போது நான் எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். நீ அந்த வார்டிலேயே இருக்கிறாய், தினமும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறாய். இரண்டு கிட்னியும் போனவள், வாரத்துக்கு இரண்டு நாள் மிஷின், அதிலும் பாலம் மூடினால் ஒரு நாள், கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, முகம் சாம்பலாக இருக்கிறது. அவள் அடுத்த அக்டோபர் வரை இருப்பாளா? இங்கே டாக்டரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டால் சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்கு வந்துவிடும். தெரியாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே, ஞாயிறு பூசை தவறினால் சனிக்கிழமையாவது போய்விடு. சேசுவின் ஆசீர்வாதமும் மாதாவின் பாதுகாப்பும் உன் மேல் எப்போதும் இருக்கட்டும், நீ தொட்டுப் பார்க்கும் நோயாளிகளுக்கும் உன் கை ராசியாக இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. இதற்குப் பதில் எழுத வேண்டாம், கடிதம் வந்தால் அம்மாதான் முதலில் பிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, மரிலூ இருப்பாள் என்றால் பெயரைச் சொல்லிச் சத்தமாகவே விசாரி, மரிலூ எப்படி இருக்கா, தேறிடுவா என்று அம்மாவும் கேட்கிற மாதிரி சொல். இல்லையென்றால் அவள் பேச்சையே எடுக்காதே, கருவாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்கிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
டியோனிசியோ