பில்லியட் ஹாலுக்குப் போனவர்

2001 பெப்ரவரி 12, திங்கள்

பின்னேரம் நல்ல மழை. கச்சேரியில் கோப்பு வேலை முடிந்து வந்து தேநீர் போட்டபோதுதான் கதவில் இவருடைய குடை தொங்குவதைக் கண்டேன். எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன்.

றவூப்பின் பில்லியட் ஹால் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இவர் நில அளவைக் கந்தோரில் வேலை முடிந்து ஐந்தரைக்கு அங்கே போவார், எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தொரு வருடம். அந்தப் படியில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. பெண்கள் ஏறுவதில்லை.

கீழே நின்று கேட்டேன். பந்தும் பந்தும் மோதும் சத்தம். பிறகு நீண்ட அமைதி. புள்ளி எழுதும் வீரய்யா இறங்கி வந்து குடையை வாங்கினார்.

“நீங்க ஏம்மா நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

யாரிடம் சொல்லியனுப்புவது? திரும்பி வந்துவிட்டேன்.

2001 ஏப்ரல் 5

றவூப் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததேயில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“கனகரத்தினம் ஐயா, வாப்பாட காலத்து ஹாலு. தம்பிமார் கட்டடத்த விக்கணும்னு நிக்கிறாங்க. நான் ஒருத்தன் வேணாம்னு சொல்லி என்ன நடக்கப் போகுது?”

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மேசை?”

“கண்டியில ஒருத்தர் எடுக்கிறார்.”

நான் கொடுத்த தேநீர் ஆறிப்போனது. றவூப் போனபின் சமையலறையில் நின்று சிரித்தேன். பாவம்தான். ஆனாலும் சிரித்தேன்.

2001 ஏப்ரல் 30

இன்று கடைசி நாள். ஏழு மணிக்கே வந்துவிட்டார். சாப்பிடும்போது பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. இந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டு அடி மேசையாம். ஒரு தோட்டத்துக் கிளப்பில் வெள்ளைக்காரத் துரைமார் விளையாடியது. அவர்கள் போனபின் றவூப்பின் வாப்பா வாங்கி லொறியில் இறக்கினாராம். பச்சைத் துணிக்குக் கீழே ஐந்து கற்பலகை. ஒன்றைத் தூக்கப் பலபேர் வேண்டுமாம். மேசைக்கு மேலே மட்டும் விளக்கு, சுற்றிவர இருட்டு. காலையில் வீரய்யா துணியைத் தூரிகையால் ஒரே பக்கமாகத் தடவி, அயன் பெட்டியால் தேய்த்து வைப்பாராம். ஒருவர் அடிக்கக் குனிந்தால் மற்றவர் கிளாசைக்கூடக் கீழே வைக்கமாட்டாராம், சத்தம் வருமென்று.

“கோயிலிலயும் அப்பிடி ஒரு அமைதி இல்லை, யோகம்” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? என்னை ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனியளோ?” என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஏன் சொன்னேன்?

2001 மே 9

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றும் அப்படித்தான். வந்து முன்னறையில் இருக்கிறார். இருபத்தொரு வருடம் கேட்டது கிடைத்திருக்கிறது. அதோடு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

2001 ஓகஸ்ட் 17

மின்வெட்டு. தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றச் சொல்கிறார். இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். குளிராம். ஓகஸ்டில் பதுளையில் என்ன குளிர்?

2002 ஏப்ரல் 21, ஞாயிறு

பஸ் நிலையத்துக்குக் கிட்ட, புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ‘பூல் சென்டர்’ திறந்திருக்கிறார்கள். கேசினி அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். மகளென்றால் அவருக்கு மறுக்க வராது. அரைமணித்தியாலத்தில் திரும்பிவிட்டார்கள். அவள் முகம் சிவந்திருந்தது.

“என்னப்பா, எப்பிடி?” என்று இவரிடம் கேட்டேன்.

“அது மேசையில்லை. கட்டில். பிள்ளையைப் படுக்க வைக்கலாம். பந்தெல்லாத்திலயும் இலக்கம். இலக்கம் பாத்து அடுக்கிறதெண்டால் கச்சேரிக்குப் போயிருப்பன். மூலைக்கு மூலை ரீவி, காது கிழியப் பாட்டு. அடிச்சவனும் கத்துறான், அடிக்காதவனும் கத்துறான்.”

“நீங்கள் விளையாடினியளோ?”

“அதில ஆர் விளையாடுவான்!”

கேசினி என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: “அம்மா, கோலைக் கையிலயே எடுக்கேல்லை. நான் நீட்ட நீட்ட, கையைப் பொக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டவர்.”

பிடிவாதம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

2002 ஜூன் 15, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

சந்தையில் வீரய்யாவைக் கண்டேன். இப்போது ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாராம். போஞ்சியை நிறுத்துக்கொண்டே கேட்டார்:

“ஐயாவுக்கு இப்ப கையி எப்பிடிங்கம்மா இருக்கு?”

“என்ன கை?”

தராசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. நான் விடவில்லை.

“ஹாலு மூடுறதுக்கு முந்தி ரெண்டு வருசமாவே ஐயா ஆடலங்கம்மா. வலது கையி நடுங்கும். வந்ததும் அவரு கோல எடுத்து, நுனியில சோக்குக் கட்டி தடவி, மடியில வச்சுக்கிட்டு பெஞ்சில உக்காந்திருப்பாரு. எட்டு மணிக்கு எடுத்த எடத்துல வச்சுட்டுப் போவாரு. ஆட வாங்கன்னு யாரும் கூப்பிடக் கூடாதுன்னு றவூப் மொதலாளி சொல்லி வச்சிருந்தாருங்க. ஒருத்தரும் கூப்பிடல.”

ரெண்டு வருசம். நான் மழைக்குள்ள கீழ நிண்டு கேட்ட சத்தம்கூட வேற ஆரோ அடிச்சது. ஊரில இருக்கிற அவ்வளவு ஆம்பிளையளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில, ஒரே மேசையில சாப்பிடுறன் — எனக்குத் தெரியாது! நான் என்ன, குருடியோ?

2002 ஜூன் 16

கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது?

2002 ஜூன் 19

கேட்டேன். கேசினி ரியூஷனுக்குப் போன நேரம் பார்த்து, “வீரய்யாவைக் கண்டனான்” என்றேன். அது போதுமாக இருந்தது.

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“கோடு கீறேலாது யோகம். நேராப் போகுதில்லை. போன வருசமே கேட்டு வாங்கி வரைபடக் களஞ்சியத்துக்கு மாறிட்டன். இப்ப பழைய படங்களை அடுக்குறன்.”

படவரைஞர் என்று சொல்லித்தான் இவரை எனக்குக் கலியாணம் பேசினார்கள். மை பேனையால் அவர் இழுத்த கோட்டை என்னைப் பெற்ற ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் புகழ்ந்தார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீர் என்ட கையைத்தான் பாத்துக்கொண்டிருப்பீர்.” பிறகு, மெல்ல: “அங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பாக்கேல்லை. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தவை. இனி அப்பிடி ஒரு இடம் எங்க இருக்கு?”

அந்த இரண்டு வருடமும் ஹாலை நான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்களோ அவரை ஒரு பெஞ்சில் இருத்தி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நன்றி சொல்வதா, கோபப்படுவதா? டாக்குத்தரிடம் போகச் சொல்ல அவர்களில் ஒருவருக்குக்கூட வாய் வரவில்லையே. இரண்டும்தான் மனதில் இருக்கிறது.

2002 ஜூலை 8

கண்டியில் டாக்குத்தரைக் கண்டோம். பாக்கின்சன் என்ற நடுக்க நோயாம். குளிசை தந்தார். வரும்போது ரயிலில் அப்புத்தளைவரை மூடுபனி. இவர் நன்றாக நித்திரை கொண்டார். அவருடைய பயமெல்லாம் என்னிடம் வந்துவிட்டது போல.

2002 செப்டெம்பர் 2

அவர் சொன்னது சரி. நான் கையைத்தான் பார்க்கிறேன்.

2003 மே 10, சனி

கேசினியுடன் பூல் சென்டருக்குப் போனேன். நாற்பத்தாறு வயதில்! இவருக்குச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு வெறுத்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் உண்மை. பாட்டு நெஞ்சுக்குள் இடிக்கிறது. ஒரு பக்கம் தாதிப் பயிற்சிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஒரு கோலை மாறி மாறி வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இன்னொரு மேசையில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள், துணியின் மேலேயே! வீரய்யா கண்டிருந்தால் அழுதிருப்பார்.

ஆனால் அவர் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சேலை கட்டிய ஒரு பெண் படியேறி உள்ளே வந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேசினி கோலைத் தந்தாள். அடித்தேன். பந்து மேசையை விட்டுப் பறந்து தாதிப் பிள்ளைகளின் காலடியில் விழுந்தது. அவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு!

2003 மே 11

சாப்பாட்டு மேசையில் இரண்டு தோடம்பழத்தை வைத்துக்கொண்டு இவரிடம் கேட்டேன்: “இதை இந்த மூலைக்கு அனுப்ப எங்க அடிக்கவேணும்?”

கண்ணை விரித்துப் பார்த்தார். “உமக்கு என்னத்துக்கு?”

“நான் நடுவில அடிச்சனான். எங்கயோ போட்டுது.”

“நடுவில அடிச்சால் எங்கயோதான் போகும்!” என்றார். பழத்தைக் கையில் எடுத்தார், வைத்தார், தட்டை நகர்த்தினார். கோணம் என்றார், தெறிப்பு என்றார். அரைமணித்தியாலம். நான் எங்கே போனேன், ஏன் போனேன் என்று கேட்கவேயில்லை.

கை நடுங்கியதா? கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

2003 ஜூலை 26

இன்று எங்களுடன் பூல் சென்டருக்கு வந்தார். பெஞ்சில் இருந்தார். வாயெல்லாம் குறைதான்: துணி தரமில்லை, விளக்கு தவறான உயரத்தில், சோக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்கள், களவெடுப்போம் எண்டு நினைக்கிறான்களோ? ஆனால் நான் குனியும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வந்தது: “இன்னும் இடப்பக்கம். இன்னும். ஆ, இப்ப அடியும்.”

விழுந்தது.

“தற்செயல்” என்றார்.

2003 செப்டெம்பர் 20

ஒவ்வொரு சனியும் போகிறோம். கேசினி வரவில்லை, படிக்க வேண்டுமாம். நாங்கள் இருவர்தான். றவூப்பை வழியில் கண்டோம். மூன்றாம் மாடிக்கா போகிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். பழைய மேசை கண்டியில் ஒரு ஹோட்டலில் பாகம் பாகமாகக் கட்டியபடியே கிடக்கிறதாம், யாருக்கும் பூட்டத் தெரியாதாம். இவர், “வீரய்யாவைக் கூப்பிடச் சொல்லுங்கோ. அவனுக்குத்தான் தெரியும்” என்றார்.

2003 நவம்பர் 15, சனி

எனக்குத் தடிமனும் இருமலும். அடிக்க முடியாது, சும்மா இருப்போம் என்று சொல்லித்தான் போனோம். பக்கத்து மேசையில் தெமோதரை பஸ் கண்டக்டர் ஒருவர், தோளில் பையோடு, தனியாக அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கோலை நீட்டி, “ஐயா, ஒரு ஆட்டம் போடுவமா? தனியா ஆடி அலுத்துப் போச்சு” என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

பாட்டு அவ்வளவு சத்தம். அதனால் இவர் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. தாதிப் பிள்ளைகள் திரும்பினார்கள், கல்லாவில் இருந்தவரும் திரும்பினார்.

“என்ட கை நடுங்கும். எனக்குப் பாக்கின்சன் வருத்தம். நீர் பொறுத்து விளையாடவேணும்!”

“பரவால்லங்க. எனக்கு பஸ்ஸு ஆறரைக்குத்தான். மெதுவா அடிங்க” என்றார் கண்டக்டர்.

இவர் கோலை வாங்கினார். சோக்குத் தடவினார். குனிந்தார். கோலின் நுனி மேலும் கீழும் ஆடியது. மூன்று தரம் எடுத்து எடுத்து நிறுத்தினார். அடித்தபோது, விழக்கூடாத வெள்ளைப் பந்து ஒன்றிலும் படாமல் நேரே மூலைப் பொக்கட்டுக்குள் போய் விழுந்தது.

“இந்த மேசை மட்டமா இல்லை” என்றார், எல்லாருக்கும் கேட்க.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்து மேசையில் வைத்தார். இவர் மறுபடி குனிந்தார்.