தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் போட்ட குழாய்

என் ஆசை மச்சான் குமரா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் கிள்ளானில் நான்கு நாள் தண்ணீர் இல்லை. தங்கச்சி வீட்டுக்கு, அதான் உன் வீட்டுக்கு, கீழே தண்ணீர் லோரியில் பிடித்து நான்கு மாடி ஏறி நான்தான் வாளி தூக்கினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கம்போடியா ஞாபகம் வந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே என்னைக் கம்போடியாவுக்கு இழுத்தாயே, மறக்குமா? "பத்து நாள் லீவு போடு லா. நமக்குத் தெரிஞ்ச பைப் வேலைய அங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு குடுப்போம்."

போனோம். இங்கே மலேசியாவில் எப்படிச் செய்வோமோ அப்படியே கழிப்பறை கட்டினோம். டைல்ஸ், கூரைமேல் தண்ணீர் டாங்கி, ஒவ்வொரு அறையிலும் குழாய், கழுவ ரப்பர் ஹோஸ். தேங்காய் உடைத்து நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். என்ன பெருமை எனக்கு!

மறுநாள் நீ கை கழுவப் போனாய். சொட்டுத் தண்ணீர் இல்லை. மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: ஊரில் குழாய்த் தண்ணீரே கிடையாது. விருந்தாளிகள் மனசு நோகக்கூடாது என்று பிள்ளைகளின் அம்மாக்கள் விடியலிலிருந்து கிணற்றில் இறைத்து, ஏணி வைத்து அந்த டாங்கியை நிரப்பியிருந்தார்கள்.

"தண்ணி எங்கேருந்து வரும்னு நாம ஒரு வார்த்தை கேக்கலையே மச்சான்" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. "சும்மா செஞ்சு குடுத்தோம், இன்னும் என்னடா வேணுமாம்?" என்று வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ கிளம்பும்வரை அந்த அம்மாக்களோடு வாளி தூக்கினாய். பாஷையே தெரியாமல் அவர்களோடு என்னதான் சிரித்தாயோ!

ஊர் திரும்பியபின் நீ வேறு ஆளாகிவிட்டாய். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் ஸ்பேனரை எடுக்குமுன் அரை மணி நேரம் வீட்டுக்காரர்களிடம் பேச்சு. நான் கிண்டல் செய்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க நீ வாங்கிவைத்த பைப்புகள் இன்னும் பால்கனியில் கிடக்கின்றன. அதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஊருக்குத் திரும்பிப் போக எனக்கு முகமில்லை, குமரா. வெட்கமாக இருந்தது.

ஆனால் அந்த நான்கு நாள் வாளி என்னைச் சும்மா விடவில்லை. நேற்று மொழிபெயர்த்த அந்தப் பெண்ணைப் பிடித்து, அவள் மூலம் பள்ளித் தலைமையாசிரியையோடு போனில் பேசினேன். மழைத்தண்ணீர் பைப் போடட்டுமா என்று கேட்டேன். கூரையே ஓட்டையாம், முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம். நல்லவேளை கேட்டேன்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். "அந்த உயரமான ஆளும் வருவாரா? அவருக்கு வாளி தூக்கவே தெரியாது, பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்துவார்." பக்கத்திலிருந்த தங்கச்சியிடம் போனை நீட்டினேன். அவள்தான் வாங்கி, "அவரு வரமாட்டாரு. நாங்க வரோம்" என்றாள்.

வருகிற பள்ளி விடுமுறைக்குப் போகிறோம். கூரையை அடைத்ததும் போட உன் பைப்புகளும் வருகின்றன. ஆனால் முதல் நாள் ஸ்பேனரைத் தொடமாட்டேன், சத்தியம். நீ வழியில் சிந்திய தண்ணீருக்கும் சேர்த்து வாளி தூக்கிவிட்டுத்தான் வேலை.

வேனில் உட்கார்ந்திருந்த உன் மச்சான்,
முருகேசு