அவரைக்குத் துணையாகக் கொத்தமல்லி

என் செல்ல மகளே,

மொட்டைமாடியில் நீ நட்டுவிட்டுப் போன அவரைக்கொடி பிழைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்தெல்லாம் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பிக் கிடந்தது. மருந்தடிக்கக் கிளம்பினேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடிவந்து தடுத்தார். புதிதாகக் குடிவந்தவர், என்னைப் போலவே தனிக்கட்டை.

"மருந்தடிச்சா நல்ல பூச்சியும் சேர்ந்து செத்துடும்ங்க. பக்கத்துல கொத்தமல்லி விதைச்சு, பறிக்காம பூக்க விடுங்க. பூவைத் தேடி வர்ற வண்டு அசுவினியையும் தின்னுடும்."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நான் வந்து பார்க்கிறேன்."

சொன்னபடியே தினமும் வந்தார். கொத்தமல்லி வெள்ளைவெளேரென்று பூத்தது. ஒருநாள் காலை சிவப்புப் பொறிவண்டுகள் வந்து இறங்கி, அசுவினியை ஒரு கை பார்த்தன. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டிச் சிரித்தோம். உன் அம்மா போன பிறகு நான் இப்படிச் சிரித்து நீ பார்த்ததே இல்லை.

பூச்சி ஒழிந்தது. ஆனாலும் அவர் நேற்றும் வந்தார். நானும் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு வைத்திருந்தேன்.

"மகளுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"செடியைப் பத்தியா?" என்றேன்.

முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வா, கண்ணு. நீ என்ன சொல்வாயோ என்று அவருக்கு ஒரே படபடப்பு. எனக்கும்தான். புதுச் சட்டைக்கு அளவெடுத்துவிட்டார். எந்த நாளுக்குள் தைத்து முடிக்க வேண்டும் என்று நீதான் வந்து சொல்ல வேண்டும்.

உன் சம்மதத்துக்காக வாசலைப் பார்த்தபடி,
அப்பா