நீ விடச் சொன்ன ஆமை

முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோதே உனக்கு நீளமாக எழுதினால் பிடிக்காது. வாட்ஸ்அப்பில் நான் மூன்று வரி அனுப்பினால், "இன்னாடி, பரீட்ச எழுதறியா? போன் பண்ணிப் பேசு" என்று உன் குரல் பதிவு வந்து விழும். போனில் பேச வராதவள் என்பதால்தான் எழுதினேன். இப்போதும் எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டுத் திட்டிக்கொள்.

இன்று காலை தொட்டித் தண்ணீரை மாற்றப் பின்பக்கம் போனேன். அந்த வாடை உனக்குத் தெரியும். பாசியும் கீரைத்தண்டும் ஊறிய வாடை. மண்ணூர்பேட்டையில் உன் வீட்டு வாசலிலேயே அது வந்து மோதும், "எங்கூட்டு சென்ட்டு" என்பாய். கலங்கிய தண்ணீரில் கையை விட்டுத் துழாவியபோது வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் முட்டை. வெள்ளையாக, நீள்வட்டமாக, கட்டைவிரல் நுனி அளவில். அடியில் இன்னும் சில கிடந்தன. நீ அண்ணாத்தே என்று பெயர் வைத்த ஆமை, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி புறா முட்டையத் தண்ணியில போட்டது?"

நான் அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தேன். அது அண்ணாத்தே இல்லை, அது ஒரு அக்கா. நான் அப்போதே சொன்னேனே, முன்கால் நகம் குட்டையாக இருக்கிறது, வாலும் சின்னது, இது பெண் என்று. நீ கேட்டால்தானே. "பூச்சிப் படிப்பு படிச்சவ சொன்னா நான் நம்பணுமா? எப்டி மொறைக்குது பாரு. அண்ணாத்தேன்னா அண்ணாத்தேதான்" என்று முடித்துவிட்டாய்.

சிரிப்பு அடங்கியதும் வேறொன்று தோன்றியது. இந்த முட்டைகள் ஏரிக்கரை மண்ணுக்குள் இல்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில், ஆண் துணை இல்லாமல் இட்ட வெறும் முட்டைகளாகக் கிடக்கின்றன. அதை நினைத்ததும் பல மாதமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. நீ என்னிடம் கடைசியாகக் கேட்டதை நான் செய்யவில்லை. செய்யாதது நல்லதாகப் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனியில் ரப்பர் வாஷருக்கு அளவு பார்க்கும் மேசையில் என்னை உன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், விலங்கியல் பட்டம் வாங்கியவள், வாஷரின் ஓட்டையை அளந்துகொண்டிருந்தேன். முதல் நாள் சூப்பர்வைசர் பெயர் கேட்டார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், அதுவும் கேட்கவில்லை. "சார், இது ஊமக்கோட்டான் சார். இன்னான்னாலும் என்னாண்ட கேளுங்க" என்று நீ முந்திக்கொண்டாய். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்குச் சர்க்கரை குறைவு என்பதைக்கூட உன் வாய்தான் சொல்லிற்று.

வேலை முடிந்து சில நாள் கொரட்டூர் ஏரிக்கரை வரை நடப்போம். ஒரு நாள் கரையில் கறுப்பாக, முதுகெல்லாம் கவசம் போட்ட மீன்கள் காய்ந்து கிடந்தன. வலை போட்டவர் பிரித்து எறிந்துவிட்டுப் போயிருந்தார். நீ ஒன்றைச் செருப்பு முனையால் புரட்டினாய்.

"இன்னாடி இது, முதலைக்குப் பொறந்த மாரி கீது?"

"வீட்டு மீன்தொட்டில கண்ணாடிய நக்கி நக்கிச் சுத்தம் பண்ணுமே, டேங்க் கிளீனர், அதுதான். வளந்துட்டா தொட்டி பத்தாது. கொண்டாந்து இங்க விட்டுடறாங்க. வலையும் கிழியுது, மத்த மீனோட முட்டையும் மிஞ்ச மாட்டேங்குது."

"ஏரி இன்னா அவங்க ஊட்டுக் குப்பத்தொட்டியா?" என்றாய். நான் உன்னோடு பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாக இருந்திருக்கும். அதனால் நீ சொன்ன பதிலும் அப்படியே மனதில் நின்றுவிட்டது.

அப்போதே உன் வீட்டில் ஆமை இருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக, காதோரம் சிவப்புக் கோடோடு, பொம்மைபோல இருந்ததை மீன் கடையிலிருந்து வாங்கிவந்தாய். உன் அம்மாவுக்கு அது வந்த நாளிலிருந்தே ஆகாது.

"ஆம பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"அது எங்கம்மா பூந்துச்சு? நான்தான் தூக்கிகினு வந்தேன். பூர்றது வேற, தூக்கிகினு வர்றது வேற."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தேன். கல்லூரியில் இதற்கு ஒரு முழுப் பாடமே இருந்தது. அயல் உயிரினங்கள் என்று தலைப்பு. கடல் கடந்து தானாக நீந்தி வந்த ஆமை இல்லை இது. யாரோ பிடித்து, யாரோ விற்று, யாரோ ஆசைப்பட்டுத் தூக்கிவந்தது. உன் ஒரு வரியில் பாடம் முடிந்துவிட்டது.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆமை தட்டளவு வளர்ந்து, கண்ணாடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல், நாள் முழுக்கக் கண்ணாடியைக் கால்களால் துழாவிக்கொண்டே இருந்தது. நீ கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு மாலை கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"என்னியத்தான் மெசின்ல கட்டிப் போட்டு கீறாங்க. அது இன்னா பாவம் பண்ணுச்சு? எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ அத ஏரில உட்டுடு. உன் கையால உடு. இன்னா?"

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் உன்னிடம் போய், வேண்டாம், ஏரி தாங்காது என்று எப்படிச் சொல்வேன்?

நீ போன பிறகு, தலையாட்டிவிட்டேனே, நல்ல இடமாகவாவது பார்த்து விடவேண்டும் என்றுதான் ஏரிக்குப் போனேன். தண்ணீருக்கு நடுவே சாய்ந்து கிடந்த ஒரு கான்கிரீட் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் விழும், நாய்கள் வராது. ஆனால் அதன்மேல் ஏற்கெனவே இரண்டு ஆமைகள் உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் காதோரம் சிவப்புக் கோடு. உன்னைப்போலவே யாரோ பாசமாக வளர்த்து, யாரோ கண் கலங்கி விட்டுப் போனவை.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பால் ஆமை தலை தூக்கியது. நம் ஏரிகளில் எப்போதும் இருக்கிற ஆமை அது. மண் நிறம், மெத்தென்ற ஓரம், பின்கால்களை உள்ளே இழுத்து மூடிக்கொள்ள ஓட்டிலேயே மடிப்பு. பலகையின் தாழ்ந்த ஓரத்தைப் பிடித்து ஏறியது. மேலே இருந்தவை நகரவில்லை. முட்டியது, சறுக்கியது, விழுந்தது. மறுபடி ஏறியது. வெயில் படாத ஆமைக்கு உடம்பு சூடேறாது, தின்றது செரிக்காது. கடைசியில் அது ஆகாயத்தாமரைக்கு அடியில் போய் மறைந்தது. ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று மறுநாளும் போனேன். அன்றும் பலகை அவற்றினுடையதாகத்தான் இருந்தது. நான் மூன்றாவதைக் கொண்டுவர இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதலை கொடுப்பதற்கும் கைகழுவுவதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. விட்டுவிடு. நீ முதல் அர்த்தத்தில் சொன்னாய். ஏரிக்கு இரண்டாவது அர்த்தம்தான் போய்ச் சேரும்.

இதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் உன் அம்மாவும் மாமாவும் ஆமையை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். நானும் கூடவே நடந்தேன். வழியெல்லாம் வாளிக்குள் நகம் உரசும் சத்தம்.

"நீயே உடு கண்ணு. உன் கையாலதான உடச் சொன்னா" என்றார் உன் அம்மா.

இரண்டு கையாலும் தூக்கினேன். கால்கள் காற்றில் நீந்தின. தண்ணீர் ஓரம்வரை போய் நின்றுவிட்டேன்.

"வேணாம்மா."

"இன்னா சொன்ன?"

எப்போதும் போல யாருக்கும் கேட்கவில்லை. எனக்காக உரக்கச் சொல்ல நீ இல்லை. மறுபடி சொன்னேன், கரையில் நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "வேணாம்மா. நான் விட மாட்டேன்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தூக்கிகினு வந்தப்புறம் இன்னாமா பேச்சு? செத்தவ வாய்ல வந்த வார்த்த."

நான் பலகையைக் காட்டினேன். "அதோ உக்காந்திருக்கே, அது ரெண்டும் இதோட இனம் மாமா. யாரோ விட்டது. நம்ம ஏரி ஆமை அங்க ஏறப் பாத்து ஏறப் பாத்து விழுந்துட்டே இருக்கு. இதையும் விட்டா இங்க முட்டை வைக்கும். அப்புறம் நம்ம ஆமைக்கு இடமே இருக்காது."

"ஆமைக்கு இன்னாமா நம்மூரு வெளியூரு? நானே செய்யாறுலேர்ந்து பொழைக்க வந்தவன். அப்ப என்னியும் தொரத்துவியா?"

"மனுசங்க நகந்து உக்காருவாங்க மாமா. ஷேர் ஆட்டோல நாலு பேர் சீட்டுல ஆறு பேர் உக்கார்றோம். கேட்டா இடம் கொடுப்போம். அதுக்குக் கேக்கவும் தெரியாது, நகரவும் தெரியாது. அது மேல தப்பில்ல. தூக்கிட்டு வந்த நம்ம மேலதான்."

மாமா வாளியைக் கீழே வைத்தார். உன் அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்தப் பலகையைப் பார்த்தார். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, பால் ஆமை அப்போது ஒரு தடவை தலை தூக்கியது. முட்டியது, விழுந்தது.

"அவ இது நல்லா இருக்கணும்னுதான் சொன்னா. இன்னொன்னு கெட்டுப் போவணும்னு சொல்லல" என்றார் உன் அம்மா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கூட்டுக்கு வேணாம்மா. அத பாக்கற தெம்பு எனக்கில்ல. நீ தூக்கிகினு போ. உங்கம்மா கேட்டா, பூரல, தூக்கிகினு வந்தேன்னு சொல்லு" என்றார்.

உன் காரியம் முடிந்த மறுநாளே மூன்று பேரும் ஏரிக்கரையில் நின்று சிரித்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

என் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். "வக்கணையாப் பேசக் கத்துக்கிட்ட" என்று திட்டிவிட்டு, ஓட்டை விழுந்த பழைய சின்டெக்ஸ் டேங்கை அப்பாவிடம் சொல்லிப் பாதியாக அறுக்கச் சொன்னாள். ஓட்டையை அடைத்தோம். நடுவில் செங்கல் அடுக்கி ஏறி உட்கார இடம் செய்தோம். மேலே கம்பி வலை. தொட்டித் தண்ணீரைக் கால்வாயில் கொட்டாமல் வாழைக்குத்தான் ஊற்றுகிறேன், நம் ஏரி ஆமைக்கு நோய் எதுவும் போய்விடக்கூடாது என்று. இப்போது அம்மாவே கீரை ஆய்ந்துவிட்டுத் தண்டை அதற்குப் போடுகிறாள். இன்னும் பல வருடம் அது உயிரோடு இருக்கும். நான் கல்யாணமாகிப் போனாலும் கூடவே வரும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா அதற்கு இன்னும் கொஞ்சம் கீரைத்தண்டு போட்டாள். அதுவே பெரிய விஷயம்.

கம்பெனியில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் வந்தாள். அவள் வீட்டிலும் இதே ஆமை. ஏரியில் விடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், ஏன் என்றும் சொன்னேன், தொட்டி எப்படிச் செய்வதென்று படம் வரைந்தும் கொடுத்தேன். முதல் தடவை சொன்னதே அவளுக்குக் கேட்டது. பலகையில் இருக்கும் அந்த இரண்டை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாவதை நான் வைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். இந்த முட்டைகளைப் பார்த்த பிறகு, அது சின்ன விஷயமில்லை என்றும் தெரிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

உன் அம்மாவை அண்ணனூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "அவ ஏரிக்கரையிலதான் சுத்திகினு இருப்பா, அத தேடிகினு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. நீ அங்கே தேடாதே. அது அங்கே இல்லை. எங்கள் வீட்டுக்கு வா. இருந்தவரை உன்னால் வர முடிந்ததில்லை, அதனால் வழி சொல்கிறேன். பூந்தமல்லியில் இறங்கி பாரிவாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறு. புது ஃப்ளாட்டுகள் முடிகிற இடத்தில் ஒரு மாவு மில், அதை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு. முன்கதவுக்கு வர வேண்டாம், பின்பக்கம் வா. வந்து ஒரே ஒரு தடவை, உன் குரலில், அதைக் கூப்பிடு. நான் அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கேட்கும்.