புகை இல்லாத தொட்டி

மார்ச் 3, திங்கள்

எண்ணெய்த் தொட்டியை இன்று காலி செய்துவிட்டோம். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தண்டுகளை இத்தனை வருடமாக அதில்தான் முக்கிக் கடினமாக்கினோம். முக்கும்போதெல்லாம் கரும்புகை. பின்வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மாதக் கடைசிவரை கெடு கொடுத்திருக்கிறார்; அதற்குள் புகை நிற்காவிட்டால் பட்டறைக்குச் சீல். இனி தண்ணீரில் கலக்கும் புதுத் திரவம். பிடிவாதம் பிடித்து வாங்கியவள் நான். முக்கப்போகிறவன் அண்ணன்.

"தண்டு வெடிச்சுதுன்னா என்னைக் கேக்காத பாப்பா" என்றான். நாற்பது தாண்டியும் நான் பாப்பாதான்.

மார்ச் 5

வெடித்தது.

மார்ச் 6

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. பாதித் தண்டுகளில் மயிரிழை விரிசல். அண்ணன் அவற்றைப் பொறுக்கி மூலையில் அடுக்கினான். திட்டியிருந்தால் தேவலை. அண்ணிதான் சாப்பாட்டை வைத்துவிட்டு, "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்றாள்.

திரவம் விற்றவருக்குப் போன் செய்தால் கலவை சரி, சூடு சரி என்கிறார். எல்லாம் சரியென்றால் இரும்பு ஏன் பிளக்கிறது? அடுத்த லோடும் போனால் தண்டு வாங்குகிறவர் வேறு பட்டறை பார்த்துக்கொள்வார். எண்ணெய்க்குத் திரும்பினால் சீல். நானாகத் தேடிக்கொண்ட வினை — யாரிடம் போய் அழ?

மார்ச் 8

இன்று தொட்டி பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் தண்டை இறக்கிவிட்டுத் தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தான். இடுக்கி கையில் சும்மா இருந்தது.

"ஏண்ணா எடுக்கல?"

"இரு, இன்னும்..." என்று இழுத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணெயில் புகை அடங்கினால் எடுப்பான். அதுதான் அவனுக்குக் கணக்கு. இங்கே அடங்குவதற்குப் புகையே இல்லை. அவன் தயங்கித் தயங்கி நிற்பதற்குள் தண்டு எண்ணெயைவிட வேகமாக, முழுக்கக் குளிர்ந்து விரிசல் விட்டுவிடுகிறது. அடக் கடவுளே, புகையை நிறுத்துகிறேன் பேர்வழி என்று அவன் கடிகாரத்தைப் பிடுங்கியிருக்கிறேன். அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 10

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தண்டு இறங்கியதும் தண்ணீர் கொதிக்கிற சத்தம்; கொஞ்ச நேரத்தில் சட்டென்று அடங்குகிறது. அடங்கியதும் "எடுண்ணா!" என்று கத்தினேன். எடுத்தான். விரிசல் இல்லை.

ஆனால் அவன் முகம் செத்துப்போய்விட்டது. "இத்தனை வருஷம் செஞ்ச வேலைக்கு இப்ப நீ குரல் குடுக்கணுமா?" வேலையாட்கள் எல்லார் முன்னாலும் கேட்டான்.

மார்ச் 19

தினமும் நான் கத்துகிறேன், அவன் எடுக்கிறான். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். திடீர்னு ஒருநாள், இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா? அவன் இல்லாம பட்டறை எதுக்கு எனக்கு?

ஏப்ரல் 1

அதிகாரி நேற்று வந்து பார்த்து, புகை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்று பட்டறைக்குப் போகவில்லை. யார் குரல் கொடுப்பார்கள் என்று புரண்டுகொண்டிருந்தேன்.

காலையில் அண்ணன் போன் செய்தான். "பாப்பா, படுத்துக்கிட்டே கேளு."

போனைத் தொட்டிக்குக் கிட்டே பிடித்தான் போல. கொதிக்கும் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் இடுக்கி சத்தம் கேட்டுவிட்டது.

"எடுத்தாச்சு" என்றான். "நீ மாத்திரை போட்டியா?"